பனங்கட்டியும் கட்டுப்பல்லும்: மூன்று முறை திரும்பி வந்த சிவப்பு

அந்த அம்மா ஆனி மாதத்து வெக்கையில் சாம்பல்தீவுப் பக்கமிருந்து மகனோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். வயது 71. கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் நிஸ்டட்டின் என்ற பங்கசு மருந்துப் போத்தல்கள் மூன்று, மூன்றும் காலி. கதிரையில் சாய்ந்ததுமே சொன்னார்: "பிள்ளை, இதைவிடப் பலமான மருந்து ஒண்டு எழுதித் தாங்கோ."

திருகோணமலையில் பல் வைத்தியராக வேலை தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ பேர் என்னிடம் இதையே கேட்டிருக்கிறார்கள், நானும் பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த அம்மாவுக்கு எழுதவில்லை. ஏன் எழுதவில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்தோம், என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயரும் வீட்டு அடையாளமும் இதில் இல்லை.

வந்த நிலை

மேல்வாய்க்கு முழுக் கட்டுப்பல், போட்டு 9 வருடம். கீழே சொந்தப் பல் ஆறு மிச்சம். ஏழெட்டு மாதமாக மேல் அண்ணத்தில் எரிவு, உறைப்புக் கறி வாயில் வைக்க முடியவில்லை, இரண்டு கடைவாயிலும் வெடிப்பு, அது ஆறும், பிறகு வெடிக்கும். நீரிழிவு 14 வருடமாக இருக்கிறது, இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி கடைசியாகப் பார்த்தபோது 8.6. மெட்ஃபோர்மின், பிரஷருக்கு லொசார்டன், கால் எரிவுக்கு இரவில் ஒரு அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம். புகைப்பதில்லை, வெற்றிலையும் விட்டுவிட்டார்.

கட்டுப்பல்லைக் கழற்றச் சொன்னேன். கழற்றத் தயங்கினார். மகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், மகன் விளங்கிக்கொண்டு வெளியே போனார், அதன் பிறகுதான் கழற்றினார். அந்தத் தயக்கத்தை அப்போதே குறித்து வைத்தேன். அவர் இரவிலும் இதைக் கழற்றுவதில்லை என்று பிறகு தெரிந்தபோது அது ஆச்சரியமாக இருக்கவில்லை. மகன் வீட்டு விறாந்தையில் பேரப்பிள்ளைகளோடு படுக்கிறார். பல் இல்லாத முகத்தைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்பது அவருக்கு முக்கியம், அதை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை.

அண்ணம் முழுக்கச் சிவப்பு. சிவப்பின் எல்லை கட்டுப்பல்லின் எல்லையோடு அச்சொட்டாக ஒத்துப்போனது, பேனையால் கீறியது போல, அதற்கு வெளியே தசை இயல்பான இளஞ்சிவப்பு. 1962இல் நியூட்டன் வகுத்த மூன்று வகையில் இது இரண்டாவது: பரவலான சிவப்பு, ஆனால் முடிச்சு முடிச்சான தடிப்பு இன்னும் வரவில்லை. தடிப்பு வந்திருந்தால் கதை கடினமாகியிருக்கும்.

பிறகு கட்டுப்பல்லையே லைற்றில் பிடித்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் பளபளப்பு. அண்ணத்தோடு படும் உள்பக்கத்தில் நுண்ணிய கீறல்கள் நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே திசையில். உமிக்கரியும் உப்பும் வைத்துத் தேய்ப்பாராம், சொந்தப் பல்லுக்குச் செய்து பழகியதை இதற்கும் செய்திருக்கிறார். நடுவில் ஒரு வெடிப்பு, அதைக் கடையில் வாங்கிய பசையால் வீட்டிலேயே ஒட்டியிருந்தார்கள். பசைக் கோட்டின் ஓரத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மழுங்கிய கருவியால் மெல்லச் சுரண்டினேன். தூளாக உதிரவில்லை, பசை போல இழுபட்டு வந்தது. உணவு மிச்சம் இப்படி இழுபடாது.

முன்பு நடந்த சிகிச்சை

முன்னர் பார்த்த இடத்தில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 14 நாள், நிஸ்டட்டின் துளி கொடுத்திருக்கிறார்கள். கூடவே குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பு. ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாளில் எரிவு குறைந்திருக்கிறது, மருந்து முடிந்து இரண்டு மூன்று கிழமையில் திரும்பியிருக்கிறது.

நிஸ்டட்டின் நல்ல மருந்து. 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் ஒரு நுண்ணங்கியிலிருந்து எடுத்தது, அவர்கள் வேலை செய்த நியூயோர்க் ஸ்டேட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். எழுபது வருடத்துக்கு மேலாக, வாயில் வாழும் கன்டிடா என்ற பங்கசைக் கொல்கிறது. ஆனால் அதைக் குளோர்ஹெக்சிடினோடு ஒரே நேரத்தில் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து சரியாகக் கரையாத ஒரு உப்பாகி, இரண்டின் வேலையும் கெட்டுவிடுகிறது. இடைவெளி விட்டுக் கொடுக்கவேண்டும். இந்த அம்மா காலையில் கொப்பளித்த கையோடு துளியும் விட்டிருக்கிறார், அதுவும் கட்டுப்பல்லைக் கழற்றாமல். மருந்து பல்லின் வெளிப்பக்கத்தைக் கழுவிக்கொண்டு வயிற்றுக்குள் போயிருக்கிறது, உள்பக்கத்துக்குப் போகவே இல்லை.

சரி, அது ஒரு காரணம். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் நாலாவது போத்தலைச் சரியான முறையில் எடுக்கச் சொல்லி அனுப்பியிருப்பேன், அதுவும் கொஞ்ச நாளில் தோற்றிருக்கும்.

அறிக்கையில் இருந்ததும் இல்லாததும்

அவர் கொண்டுவந்த ஆய்வுகூட அறிக்கையில் ஒரே வரி: கன்டிடா அல்பிகன்ஸ் வளர்ந்தது. பொய்யில்லை. ஆனால் அந்த மாதிரியை சபூரோ அகார் என்ற ஊடகத்தில் மட்டும் வளர்த்திருந்தார்கள். அந்த ஊடகம் பங்கசுக்காகவே செய்யப்பட்டது, பிஎச் 5.6 அளவில் புளிப்பு, லீற்றருக்கு 40 கிராம் குளுக்கோஸ், அதற்கு மேல் பக்டீரியா எழும்பாமல் இருக்க அன்டிபயோட்டிக்கும் போடுவார்கள். அந்தத் தட்டில் பங்கசு மட்டும் வளர்ந்தது என்றால், வாயில் பங்கசு மட்டும் இருந்தது என்று எடுக்கமுடியாது. மிச்சப் பேருக்கு அங்கே கதவு பூட்டியிருந்தது.

வளரும் நிலைமை வாயில் மட்டுமில்லை, நாம் பார்க்கும் தட்டிலும் யார் தெரிவார் யார் மறைவார் என்று தீர்மானிக்கிறது. இதை நாங்கள் படிக்கும் காலத்தில் மனப்பாடம் செய்கிறோம், நோயாளியின் அறிக்கை கைக்கு வரும்போது மறந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆய்வுகூட அண்ணாவிடம் நேரில் போய்ப் பேசினேன். அண்ணத்திலிருந்து ஒரு பஞ்சுக்குச்சி, கட்டுப்பல்லின் உள்பக்கத்திலிருந்து ஒன்று, கடைவாயிலிருந்து ஒன்று, பிறகு அந்தப் பசைக்கோட்டில் சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் பூசியது ஒன்று. சபூரோவோடு இரத்த அகாரிலும் போடச் சொன்னேன். ஒரு தட்டைச் சாதாரணக் காற்றிலும், ஒன்றை மெழுகுதிரிச் சாடியிலும் வைத்தார். சாடிக்குள் தட்டை வைத்து, எரியும் மெழுகுதிரியை வைத்து மூடினால் அது ஒட்சிசனைக் குடித்துத் தானாக அணையும், உள்ளே காபனீரொட்சைட்டு கூடிவிடும், வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாக்களுக்கு அது பிடிக்கும். பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை.

இரண்டு நாளில் மூன்று தட்டும் மூன்று கதை சொன்னது. சபூரோவில் வெண்ணெய் நிறக் கன்டிடா, குருதிப் பாயத்தில் 37 பாகையில் போட்டால் மூன்று மணித்தியாலத்துக்குள் முளைக்குழாய் விடும் அல்பிகன்ஸேதான். காற்றில் வைத்த இரத்த அகாரில், கடைவாயில் எடுத்ததும் பல்லில் எடுத்ததும் இரண்டுமே தங்க நிறத்தில் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியாவைத் தந்தன. சாடியில் வைத்ததில் பச்சை வளையத்தோடு விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தட்டு நிறைய. அதில் பற்சொத்தையோடு தொடர்புள்ள மியூட்டன்ஸ் இனம் எவ்வளவு என்று பிரிக்க, சீனி அதிகம் போட்டு பசிட்ரசின் கலந்த தனி ஊடகம் வேண்டும், அது அங்கு இல்லை.

ஆனால் என்னை உட்கார வைத்தது தட்டில்லை, கண்ணாடித் தகடு. கிராம் சாயமிட்டு எண்ணெய் லென்சில் பார்த்தபோது, கன்டிடாவின் ஊதா நிற நீள இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன, அந்த இழைகளின் மேல் நீளத்துக்கும் சின்னஞ்சிறு பக்டீரியா உருண்டைகள், தனியாக மிதந்தவை குறைவு, பெரும்பாலானவை இழையைப் பிடித்துக்கொண்டு. உட்துறைமுகத்தில் நெடுநாள் கிடந்த கயிற்றை இழுத்து எடுத்தால் சிப்பி மொய்த்திருக்கும் பாருங்கள், அதே தோற்றம். அண்ணாவும் பார்த்துவிட்டு, "டொக்டர், இதைத்தான் நாங்கள் ஒரே வரியில கன்டிடா எண்டு எழுதி அனுப்பியிருப்பம்" என்றார்.

உயிர்ப்படலம் என்றால்

நுண்ணங்கிகள் ஒரு பரப்பில் ஒட்டி, தம்மைச் சுற்றிப் பசை கட்டிக்கொண்டு வாழும் கூட்டம்தான் உயிர்ப்படலம். மகன் கடற்றொழில் செய்பவர், அவருக்கு விளங்கப்படுத்துவது சுலபமாக இருந்தது. புதுசாகத் தண்ணீரில் இறக்கிய பைபர் போட்டின் அடியைக் கொஞ்ச நாளில் தொட்டுப் பார்த்தால் முதலில் ஒரு வழுக்கல், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வழுக்கலுக்கு மேல்தான் பாசி, பாசிக்கு மேல்தான் ஓடுள்ளதெல்லாம். வழுக்கலை விட்டுவிட்டு மேலே மட்டும் சுரண்டினால் திரும்பிப் பிடிக்கும். "அடியில கீறல் இருந்தா இன்னும் கெதியாப் பிடிக்கும்" என்று அவரே சேர்த்துச் சொன்னார். நான் சொல்ல வைத்திருந்த அடுத்த வசனம் அது.

அக்ரிலிக் மேற்பரப்பின் கரடுமுரடு சராசரி 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் நுண்ணங்கி படிவது கூடிக்கொண்டே போகும் என்பது பல் வைத்தியத்தில் ஏற்றுக்கொண்ட அளவு. உமிக்கரிக் கீறல்கள் அதைவிட எவ்வளவோ பெரியவை. நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது: 2001இல் கட்டுப்பல் செய்யும் அதே அக்ரிலிக் துண்டுகளில் கன்டிடாவை வளர்த்துப் பார்த்த ஆய்வில், முதல் 11 மணித்தியாலம் வரை செல்கள் ஒட்டிக் கூட்டமாகின்றன, 12இலிருந்து 30 மணித்தியாலத்துக்குள் செல்களுக்கு வெளியே பசை போன்ற போர்வை தோன்றுகிறது, 38இலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் படலம் முற்றி நிற்கிறது, முற்ற முற்ற மருந்துக்கு அடங்காமல் போகிறது. இந்த எண்களை நான் நோயாளிகளுக்கு வேறு மாதிரிச் சொல்வதுண்டு. ஒவ்வொரு இரவும் கழற்றித் துப்புரவாக்கினால் படலம் தினமும் தொடக்கத்துக்குப் போகிறது, முற்றி நிற்கிற கட்டத்தையே அது காண்பதில்லை. ஒன்பது வருடம் கழற்றாமல் படுத்தால் தினமும் முற்றிய படலத்தோடு விடிகிறது.

இரண்டு பேர் சேர்ந்தால் இன்னொரு மடங்கு சிக்கல். கன்டிடா மதுவமாக, அதாவது உருண்டை ஈஸ்டாக இருக்கும்போது இல்லாத ஒரு புரதம் இழை விடும்போது அதன் மேலே வருகிறது, ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. குருதிப் பாயம் மட்டும் உள்ள ஊடகத்தில் தனியே விட்டால் இந்த பக்டீரியாவுக்கு நல்ல படலம் கட்ட வராது. கன்டிடாவோடு விட்டால் அதன் இழைமேல் ஏறிக் கட்டுகிறது, கன்டிடாவின் பசை அதன்மேலும் படிந்து வன்கொமைசின் என்ற அன்டிபயோட்டிக்கிலிருந்தே அதைக் காப்பாற்றுகிறது. 2009இல் இதைக் காட்டினார்கள். கடைவாய் வெடிப்பில் இந்த இரண்டும் சேர்ந்தே கிடைப்பது எங்களுக்குப் பழைய செய்தி, அந்தச் சேர்க்கைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் பிந்தித் தெரிந்தது.

"நான் சீனி தொடுறதே இல்லை"

இரண்டாவது வருகையில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். "சீனி வருத்தம் வந்த நாளிலயிருந்து நான் சீனி தொடுறதே இல்லை" என்றார், மகனும் ஓம் என்றார். நானும் நம்பி எழுதிக்கொண்டேன். பிறகு அறிக்கைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, தொண்டை காய்கிறதென்று தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்குமுன் சீலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார், உள்ளே ஓலைத் துண்டில் சுற்றிய பனங்கட்டி, அதில் சுண்டுவிரல் நகமளவு பிய்த்து வாயின் வலது பக்கத்தில், கன்னத்துக்கும் கட்டுப்பல்லுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை ஒரு மிடறு குடித்தார். அவ்வளவு இயல்பாக.

"அம்மா, இது ஒரு நாளைக்கு எத்தனை தரம்?"

"பிளேன்டீ குடிக்கேக்க மட்டும்தான் பிள்ளை. இது மருந்துச் சாமானெல்லோ."

பிளேன்டீ ஒரு நாளைக்கு ஐந்தாறு. வாய் காய்ந்தால் இடையிலும். அவர் ஒளிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பனங்கட்டி சீனிக் கணக்கில் சேராது, சீனியை விட்டவர்களுக்கு அதுதான் ஆறுதல். நான் கேட்ட கேள்விதான் தவறு. "சீனி போடுவீங்களா" என்று கேட்காமல் "தேத்தண்ணியோட என்ன கடிப்பீங்க" என்று கேட்டிருக்கவேண்டும், இப்போது எல்லாரிடமும் அப்படித்தான் கேட்கிறேன்.

பனங்கட்டியில் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அதன் பெரும்பகுதி சுக்குரோஸ்தான், கடைச் சீனியில் இருக்கும் அதே சுக்குரோஸ். ஒரு கலப்புப் படலத்துக்குக் கிடைக்கும் உணவுகளில் சுக்குரோஸுக்குத் தனி இடம் உண்டு, இதில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்.

ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸுக்குக் கடினமான மேற்பரப்பு வேண்டும். பல்லெல்லாம் விழுந்த வாயில் அது அநேகமாகக் காணாமல் போய்விடும், கட்டுப்பல் போட்டதும் திரும்பி வந்துவிடும். சுக்குரோஸ் இல்லாத நிலையில் இதற்கும் கன்டிடாவுக்கும் பெரிய ஒட்டு இல்லை, சொல்லப்போனால் பகை. மியூட்டன்ஸ் வெளிவிடும் சில பொருட்கள் கன்டிடாவை இழை விடாமல் மதுவமாகவே அடக்கி வைக்கின்றன. ஆனால் சுக்குரோஸ் வந்துவிட்டால், மியூட்டன்ஸ் வெளிவிடும் ஒரு நொதியம் மிதந்து போய்க் கன்டிடாவின் மேல்தோலில் உள்ள மனன் என்ற மாவுச்சத்துச் சங்கிலிகளில் உட்கார்ந்துகொள்கிறது, உட்கார்ந்த இடத்திலேயே சுக்குரோஸை வெட்டிப் பசையான குளுக்கன் நூற்கத் தொடங்குகிறது. கன்டிடாவின் உடம்பு முழுக்க பக்டீரியாவின் பசை. அந்தப் பசையில் மியூட்டன்ஸ் வந்து ஒட்டும், இரண்டும் சேர்ந்து தடிக்கும். அந்த நொதியத்துக்குக் குளுக்கோஸைக் கொடுத்தால் பசை வராது, சுக்குரோஸின் இணைப்பை உடைக்கும்போது வரும் சக்தியில்தான் அது நூற்கிறது. 2014இல் வெளிவந்த எலி ஆய்வில், இரண்டையும் சேர்த்துத் தொற்றவைத்துச் சீனி உணவும் கொடுத்தபோது பற்சொத்தை தனித்தனியே கொடுத்ததைவிட மிகக் கடுமையாக வந்தது.

அதே இரண்டு உயிர்கள்தான், ஒரு நிலைமையில் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு சும்மா கிடக்கின்றன, இன்னொரு நிலைமையில் கைகோத்துக்கொள்கின்றன. பங்கசையும் பக்டீரியாவையும் பெயர் சொல்லி அடையாளம் கண்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, எந்த நிலைமையில் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லாத பெயர் பாதி அறிக்கைதான்.

இன்னொரு விஷயம் அன்று இரவு தோன்றியது. காலிப் போத்தல்களின் லேபலை எடுத்து வாசித்தேன். பல நிஸ்டட்டின் துளி மருந்துகள் கசப்பை மறைக்க சுக்குரோஸ் பாகில்தான் செய்யப்படுகின்றன, இவையும் அப்படியே. நாளுக்கு நாலு தரம், 14 நாள், மூன்று தடவை.

மற்ற நிலைமைகள்

உமிழ்நீர்தான் வாயின் கழுவுநீர். அதில் கன்டிடாவைக் கொல்லும் ஹிஸ்டட்டின் என்ற சிறு புரதங்களும், அமிலத்தைத் தணிக்கும் பைகாபனேற்றும் உண்டு. அமிட்ரிப்டிலின் அதைக் குறைக்கும், அதோடு நீரிழிவு, அதோடு வயது. கொஞ்சம் சுரப்பதும் இறுக்கமான கட்டுப்பல்லின் உள்பக்கத்துக்குப் போய்ச் சேராது. தொண்டை காய்வதால் பனங்கட்டி, பனங்கட்டியால் படலம்.

அமிலத்தைப் பற்றி ஒரு குழப்பம் பலருக்கும் வரும், எனக்கும் வந்தது. கன்டிடா இழை விட விரும்புவது நடுநிலைப் பிஎச்சில், புளிப்பில் மதுவமாக இருக்கத்தான் விரும்பும். அப்படியென்றால் சீனியை பக்டீரியா அமிலமாக்கும் இடத்தில் இவ்வளவு இழை எப்படி? ஒன்று, படலம் முழுக்க ஒரே பிஎச் கிடையாது, மேலே ஒன்று, அடியில் ஒன்று, சாப்பிட்டவுடன் ஒன்று, விடியப்புறம் ஒன்று. இரண்டு, சீனி தீர்ந்த நேரத்தில் கன்டிடா அமினோ அமிலங்களைத் தின்று அமோனியாவை வெளிவிட்டுத் தன்னைச் சுற்றித் தானே புளிப்பைக் குறைத்துக்கொள்ளும், குறைத்துவிட்டு இழை விடும். புளிப்பு இருக்கும்போதோ அதன் புரதம் அரிக்கும் நொதியங்கள் நன்றாக வேலை செய்யும், அண்ணத்தின் எரிவுக்கு அவையும் ஒரு காரணம். இரண்டு நிலைமையிலும் அதற்கு ஒரு வழி இருக்கிறது.

காற்றைப் பற்றியும் ஒரு வரி. கன்டிடா ஒட்சிசனை உறிஞ்சிக்கொண்டிருப்பதால், காற்றுப் பட்டால் சாகும் பக்டீரியாக்கள்கூட அதன் படலத்துக்குள் காற்றுள்ள இடத்திலேயே வளர முடிகிறது, 2014இல் ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள்.

எல்லாக் கலப்பும் நட்பு என்றும் நினைத்துவிடக்கூடாது. ஈரமான கோப்பைகளிலும் குழாய்களிலும் வாழும் சூடோமோனாஸ் எரூஜினோசா கன்டிடாவின் இழையில் ஏறி அதைக் கொன்றுவிடும், மதுவ வடிவத்தை விட்டுவிடும். 2002இல் ஹோகன், கோல்ட்டர் என்ற ஆய்வாளர்கள் காட்டியது. அது கன்டிடாவைக் கொல்கிறதே நல்லதுதானே என்றால் இல்லை, நீரிழிவுள்ள முதியவரின் வாய்க்குள் சூடோமோனாஸை விரும்பி வரவேற்க ஒருவரும் இல்லை. பல்லைக் கழற்றி ஊறவைக்கும் கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றச் சொல்வது இதனால்தான், கரையோரக் கிணறுகள் சவராகிவிடும் வைகாசி ஆனியில் வாளியில் பிடித்துவைத்த தண்ணீரையே நாலு நாள் பாவிப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

என்ன செய்தோம்

முதல் இரண்டு கிழமைக்கு மருந்தே எழுதவில்லை. அம்மாவின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது, ஓட்டோவுக்குக் காசு கொடுத்து வந்தவர் வெறும் பேச்சோடு போவதா என்று. ஆறுதலாக இருத்தி விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது, வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், ஆனாலும் அந்த அரை மணித்தியாலம்தான் இந்தச் சிகிச்சையில் பெரிய பகுதி.

இரவில் கழற்றவேண்டும், அதற்கு வழி அவரே சொன்னார்: பிள்ளைகள் நித்திரையான பிறகு கழற்றி, விடிய நாலரைக்கு அடுப்பு மூட்ட எழும்பும்போது போட்டுவிடுகிறேன் என்று. ஆறு மணித்தியாலம். போதும். கழற்றியதை மென்மையான பிரஷும் சவர்க்காரமும் வைத்துத் தேய்த்து, 0.5 வீத ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் 10 நிமிடம், அதற்கு மேல் இல்லை, பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, துடைத்து, மூடி திறந்த சுத்தமான டப்பாவில் காயவிட வேண்டும். உலோகக் கொளுவி உள்ள பல்லென்றால் ஹைப்போகுளோரைட்டு கூடாது, இவருடையது முழு அக்ரிலிக். உமிக்கரி நிறுத்தம். பசைக்கோட்டை நான் ராவித் துப்புரவாக்கி, முறையாக ஒட்டி, உள்பக்கத்தைத் தற்காலிகமாக மெருகூட்டினேன்.

பனங்கட்டியை நிறுத்து என்று சொல்லவில்லை. சாப்பாட்டோடு ஒரு தரம் மட்டும், மென்று விழுங்கவேண்டும், கன்னத்தில் ஒதுக்கக்கூடாது என்றேன். பிளேன்டீக்கு இஞ்சி தட்டிப் போட்டுக்கொள்கிறேன் என்றார், அண்ணம் ஆறும் வரை அதுவும் எரியும், பிறகு பார்ப்போம் என்றேன். அமிட்ரிப்டிலினைப் பற்றி அவருடைய கிளினிக் வைத்தியருக்குக் கடிதம் எழுதினேன். அவர் அளவைப் 10 மில்லிகிராமுக்கு இறக்கி, நீரிழிவு மருந்தையும் திருத்தினார்.

இரண்டு கிழமையில் வந்தபோது அண்ணத்துச் சிவப்பு பாதிக்கு மேல் மங்கியிருந்தது, ஒரு துளி மருந்தும் இல்லாமல். கடைவாய் மட்டும் அப்படியே. அதற்கு மைக்கொனசோல் ஜெல் கொடுத்தேன், பங்கசோடு ஸ்டெஃபிலோகொக்கஸ் போன்ற பக்டீரியாக்களையும் அது அடிக்கும் என்பதால். கொடுக்குமுன் கிளினிக் கொப்பியை வரிவரியாகப் பார்த்தேன். வாயில் பூசும் மைக்கொனசோலும் உடம்புக்குள் போய் வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தப்போக்கை வரவழைக்கக்கூடும், சில நீரிழிவு மாத்திரைகளோடு சீனியைக் கடுமையாக இறக்கிவிடக்கூடும், சிம்வஸ்டட்டினோடும் ஆகாது. இவருடைய கொப்பியில் அவை இல்லை. சும்மா பூசுமருந்துதானே என்று யாரும் கொடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

ஆறாவது கிழமையில் கடைவாயும் ஆறியது. அதன் பிறகு புதுக் கட்டுப்பல்லுக்கு அச்செடுத்தோம். வீங்கிச் சிவந்த அண்ணத்தில் அச்செடுத்தால் வீக்கத்துக்குத்தான் பல் பொருந்தும், ஆறும் வரை பொறுத்தது அதனால். பழைய பல்லின் உயரம் தேய்ந்திருந்ததால் வாய் மூடும்போது கடைவாய் மடிந்து எச்சில் தேங்கியது, அந்த ஈர மடிப்பும் ஒரு வளர்நிலைமைதான், புதுப் பல்லில் உயரத்தைச் சரிசெய்தோம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு நோயாளிதான். பனங்கட்டியா, இரவில் கழற்றியதா, மாத்திரை குறைந்ததா என்று கேட்டால் இரவில் கழற்றியதற்குத்தான் என் முதல் வாக்கு, ஆனால் மூன்று தடவை திரும்பி வந்ததற்குப் பனங்கட்டியைத்தான் அதிகம் சந்தேகிக்கிறேன்.

ஐந்தாவது மாதம்

கார்த்திகை மழையில் குடையோடு வந்தார். எச்பிஏ1சி 7.5. அண்ணம் இளஞ்சிவப்பு. திரும்பவும் பஞ்சுக்குச்சி எடுத்து அதே அண்ணாவிடம், அதே மூன்று தட்டில் போட்டோம். சபூரோவில் கன்டிடா வளர்ந்தது, சில குடித்தொகுதிகள் மட்டும். தகட்டில் உருண்டை மதுவங்கள் இரண்டொன்று, இழை ஒன்றும் இல்லை. சாடியில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இருந்தது, வாயில் அது இருக்கத்தானே வேண்டும். ஓரியஸ் வளரவில்லை.

அறிக்கையில் இந்த முறை கன்டிடா வளர்ந்தது என்ற அதே வரியின் கீழே, இழை காணப்படவில்லை என்றும் அண்ணா எழுதியிருந்தார். அதை அம்மாவின் மகன் வாசித்துவிட்டுப் பயந்து போனார், இன்னும் இருக்குதா டொக்டர் என்று. நல்ல வாய் உள்ள எத்தனையோ பேரிடம் கன்டிடா சும்மா இருக்கிறது என்று சொன்னேன். மருந்து எழுதவில்லை.

"அப்ப இண்டைக்கும் ஒண்டும் எழுதித் தரேல்லையோ பிள்ளை?" என்றார் அம்மா.

போனில் இருந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், ஆனி மாதத்து அண்ணமும் இன்றைய அண்ணமும். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு மகனிடம் போனைக் கொடுத்துவிட்டு, சீலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து எனக்குக் காட்டினார். ஓட்டோவுக்கு வைத்திருந்த காசு மட்டும் இருந்தது.